‘உம்’ கொட்ட ஓர் ஆள்

என் மூத்தாரை, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனை, கல்யாணமாகி வந்த முதல் இரண்டு வருஷம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. காரணம் அவர் வாய். காலையில் பல் விளக்க உட்காரும்போது ஆரம்பிக்கிற பேச்சு படுக்கிற வரைக்கும் ஓயாது. அதில் நல்ல பேச்சு என்று ஒன்று இருக்காது. எல்லாம் குத்தல், நக்கல், நையாண்டி. நான் முதன்முதலாக வைத்த குழம்பை வாயில் வைத்துவிட்டு, "தம்பி, பிரான்சுல நாங்க குண்டு தோண்டற பள்ளத்துல ஒரு தண்ணி நின்னுக்கினு இருக்கும். அந்த ருசி திரும்ப கெடைக்கவே கெடைக்காதுன்னு நெனச்சேன்" என்றார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் இலையை வழித்துத் தின்றுவிட்டு மறுசோறு கேட்டதும் காதில் விழத்தான் செய்தது. இருந்தாலும் என் அழுகை நிற்கவில்லை.

திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கக் கூடாது, நேருக்கு நேர் வாய் திறக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அப்போது எல்லா வீட்டிலும் அதுதான் முறை. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவேன். எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு கொஞ்சம் வசதியானது. இடுப்பில் இருக்கிற குழந்தையிடம், "கண்ணு, பெரியப்பாவுக்கு வெந்நீர் வெச்சாச்சின்னு சொல்லுடா" என்பேன். அவர் அந்தப் பக்கமிருந்து, "பல்லு மொளைக்கட்டும், சொல்லுவான். அதுக்குள்ள தண்ணி ஆறிடும்" என்பார். ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் கடைசியாகப் படுக்கையில் விழுகிற வரைக்கும் நான் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் ஊர் பாகூர் ஏரியை ஒட்டினது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். அவன் பட்டாளத்தில் சேர்ந்து, ஜெர்மன்காரனோடு நடந்த முதல் பெரிய சண்டைக்காகப் பிரான்சுக்குப் போய் வந்தவர்களைச் சொல்தா என்போம். எங்கள் ஊருக்கு என் மூத்தார் ஒருத்தர்தான் சொல்தா. ஆனால் இவர் சுட்டதும் இல்லை, சுடப்பட்டதும் இல்லை. சண்டை ஓய்ந்த பிறகு அந்த ஊர்க் கழனிகளில் வெடிக்காமல் புதைந்து கிடந்த பீரங்கிக் குண்டுகளைத் தோண்டி எடுத்து, வெடிமருந்தைக் கழற்றுகிற வேலை இவருக்கு. மூன்று வருஷம் அதைச் செய்திருக்கிறார். யாராவது கேட்டால், "சண்டை போட்டவன் எல்லாம் ஊருக்குப் போயிட்டான்பா. அவன் போட்டுட்டுப் போன குப்பையைக் கூட்டறதுக்கு ஆள் வேணுமில்ல? கறுப்பா, கேள்வி கேக்காதவனா பார்த்து வெளக்குமாறு குடுத்தாங்க" என்பார்.

அதற்காக ஒரு மெடலும் கொடுத்திருந்தார்கள். அதை எங்கள் செவலை எருதின் கழுத்தில் மணிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். என் வீட்டுக்காரர் பதறிப்போய், "யாராவது பார்த்தா இன்னாத்துக்கு ஆவறது?" என்று கேட்டதற்கு, "அதுவும் என்னை மாதிரி ஊரான் கழனியைக் கிளறிக்கினு கெடக்குது. அதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லியா?" என்றார். வருஷத்துக்கு ஒருதரம் பிரெஞ்சுக்கொடி ஏற்றுகிற நாளில் சொல்தாக்களை வில்லியனூருக்குக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு விடியற்காலை எருதின் கழுத்திலிருந்து மெடலை அவிழ்த்து, சாணத்தைக் கழுவிவிட்டுச் சட்டையில் குத்திக்கொண்டு போவார். மாலையில் வந்ததும் முதல் வேலையாக எருதிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வாய் இப்படி ஓடுகிற மனுஷனுக்குச் சில கோணல்கள் இருந்தன. மண்வெட்டியைத் தொடமாட்டார். வரப்பு வெட்டக் கூப்பிட்டால், "நான் ஒரு தேசத்தையே தோண்டிப் போட்டுட்டு வந்தவன், இந்த ஒரு காணிக்கு நான் எதுக்கு?" என்று நழுவுவார். தம்பி வெட்டும்போது கிட்டேயும் நிற்கமாட்டார். மண்வெட்டி கல்லில் பட்டு ‘ணங்’ என்றால் அவர் தோள் ஒரு துள்ளு துள்ளும். அடுத்த கணமே ஏதாவது தமாஷ் வரும். பகலில் கண்ணசரவும் மாட்டார். சித்திரை வெயிலில் ஊரே சுருண்டு படுத்திருக்கும்போது இவர் மட்டும் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டு, கேட்க ஆளில்லாவிட்டால் மாட்டிடம் பேசிக்கொண்டிருப்பார்.

நாலு பேர் கூடின இடத்தில் பேச்சு நின்றால் அவரால் தாங்க முடியாது. என் மாமியார் செத்தபோது, பிணத்தைச் சுற்றி எல்லோரும் அழுது ஓய்ந்து ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தார்கள். இவர் சட்டென்று, "எங்கம்மா இவ்ளோ நேரம் வாயை மூடிக்கினு இருந்து நான் பார்த்ததே இல்ல" என்றார். பங்காளிகள் அடிக்க வந்துவிட்டார்கள். நான் கதவிடுக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை பந்தல்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடித்த பிடியில் மூங்கில் சிலாம்பு ஏறி ரத்தம் வடிந்தது, அதை அவர் கவனிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் இந்த மனுஷனைப் பற்றி நான் நினைத்தது தப்போ என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த கோடையில் அவருக்கு மூச்சு இழுப்பு முற்றிப்போய்ப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். அவர் இல்லாத சமயத்தில் ஊரில் ஒரு காரியம் நடந்தது. ஏரி வற்றி, வண்டல் மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து பறங்கிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை வந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கனம். உச்சியில் ஒரு ஓட்டை, அதில் இறுகிப்போன மரக்கட்டை. பூசாரிக்கு அருள் வந்து, ஏரிக்கருப்பன் தானாக எழுந்தருளியிருக்கிறான் என்றார். ஏரிக்கரை வேம்படியில் மேடை கட்டி வைத்தார்கள். மஞ்சள் பூசி, மாலை போட்டு, அந்த ஓட்டையை நெற்றிக்கண் என்று சொல்லி, தினமும் அதன்மேலேயே கற்பூரம் ஏற்றினார்கள். நானும் போய்க் கும்பிட்டேன். பிள்ளைக்கு ஆடி மாதம் அங்கேதான் மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டிக்கொண்டேன். ஆடித் திருவிழாவில் மேடையைச் சுற்றி நூறு பொங்கல் அடுப்பாவது மூட்டுவதாக ஊர் பேசி வைத்திருந்தது.

மூத்தார் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் வந்தவர் ஏரிக்கரையிலேயே இறங்கிக்கொண்டார். ரொம்ப நேரம் அந்த மேடையைப் பார்த்தார். "யாருடா இந்தச் சாமி? எனக்குத் தெரிஞ்ச மூஞ்சியா இருக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வண்டியோட்டி வந்த என் வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார், அண்ணன் முகம் சாம்பல் பூத்தது போல ஆகிவிட்டது என்று.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. "இது சாமி இல்ல. இங்கிலீசுக் கும்பினிக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடிச்சிக்கினாங்களே, அந்தக் காலத்துக் குண்டு. உள்ள மருந்து இருக்குது. தண்ணியில கெடந்த வரைக்கும் செத்துக் கெடந்துது. நீங்க தூக்கி வெயில்ல காய வெச்சி, திரி வைக்கிற ஓட்டையிலயே கற்பூரமும் ஏத்தி எழுப்பிக்கினு இருக்கீங்க. இதைச் சுத்தி நூறு அடுப்பு மூட்டினா, பொங்கல் பானையோட எல்லாரும் பொங்கிடுவீங்க" என்றார்.

பூசாரி குதித்தார். நாட்டாண்மைக்காரர் யோசித்தார். திரும்ப ஏரியிலேயே போட்டுவிடலாம் என்று மூத்தார் சொன்னதற்கு, எழுந்தருளின சாமியை முழுக்கடிக்க முடியாது என்றார்கள். பொலீசுக்குச் சொல்லவும் யாருக்கும் மனமில்லை. கடைசியில், "நீயே தொறந்து காட்டு சொல்தா. உள்ள மருந்து இருந்தா எடுத்துடலாம். இல்லேன்னா நீ இந்த ஊர்ல இருக்கக்கூடாது" என்று நாட்டாண்மைக்காரர் முடித்தார். "சரிங்க. மருந்து இருந்து நான் தப்பு பண்ணாலும் இந்த ஊர்ல இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நீ கூட வரணும்டா. குண்டுகிட்ட நான் இருப்பேன். தூரத்துல மதகுச் சுவத்துக்குப் பின்னால நீ இருக்கணும். நான் செய்யறது ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கினே செய்வேன். நீ உம் கொட்டணும். அவ்ளோதான்."

"எதுக்குண்ணே அது?"

"அங்க அதான் பழக்கம். வெடிச்சிப்போச்சின்னா, இன்னா செஞ்சதால வெடிச்சுதுன்னு கேட்டுக்கினு இருந்தவனுக்குத் தெரியும். மறுநாள் வர்றவன் அதைச் செய்யாம தப்பிச்சிப்பான். செத்தவன் நடத்தற பள்ளிக்கூடம்டா அது. பிரம்படி கெடையாது."

"இங்க மறுநாள் எவன்ணே வரப்போறான்?"

இதற்கு அவர் தமாஷாக ஒன்றும் சொல்லவில்லை. "உம் கொட்ட ஆளில்லாம என்னால கையை வைக்க முடியாதுடா" என்றார்.

மறுநாள் காலையில் ஈர வைக்கோல் பரப்பி, உருண்டையை வண்டியில் ஏற்றி, வற்றின ஏரிக்குள் கொண்டுபோய் ஒரு பள்ளத்தில் இறக்கினார்கள். ஊர் ஜனம் எதிர்க்கரைக்குப் போய்விட்டது. நான் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒரு சொம்பில் கஞ்சி எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடத்தான் நினைத்தேன். பாதி வழியில் அவரே எதிரே வந்தார். உதடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். தண்ணீர்ப் பானை மதகடியிலேயேதான் இருந்தது. அவர் என்னைத் தாண்டி வீட்டைப் பார்த்துப் போனார். இதைப் பற்றி நான் கடைசிவரை அவரைக் குத்திக்காட்டியதில்லை. பயம் யாருக்குத்தான் இல்லை.

மதகுச் சுவரை அடைந்தபோது பள்ளத்துக்குள்ளிருந்து குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை.

"கட்டையைச் சுத்தி மஞ்சள சொரண்டறேன். நல்லா அப்பி வெச்சிருக்கானுங்க, மாப்பிள்ளை நலுங்கு மாதிரி. இருக்கியா தம்பி?"

பதில் சொல்ல ஆளில்லை.

"தம்பி?"

சுரண்டுகிற சத்தம் நின்றது.

"டேய், இருக்கியாடா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தொலைந்துபோன குழந்தை சந்தையில் கூப்பிடுகிற குரல் அது. முறை, வழக்கம் எல்லாம் ஒருநொடி மனசில் வந்து நின்றது. அப்புறம் "உம்" என்றேன்.



"நீயாம்மா? அவன் ஓடிட்டானா?"

"உம்."

"நல்லதாப் போச்சி. அவனுக்கு ராகம் வராது" என்றார். குரல் பழையபடி ஆகிவிட்டது. "சுவத்துக்குப் பின்னால நல்லா தாழ உக்காரு. தலையைத் தூக்காத. இப்ப தமரூசியால கட்டையில தொளை போடறேன். மெதுவா. சூடு ஏறக்கூடாது. ரெண்டு சுத்து, அப்பறம் ஒரு கை தண்ணி."

"உம்."

"ரெண்டு சுத்து. ஒரு கை தண்ணி."

"உம்."

எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியவில்லை. வெயில் ஏறியது. இடையிடையே பூசாரியையும் நாட்டாண்மையையும் கிண்டல் பண்ணினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உம் கொட்டினேன். பிறகு மெல்ல மெல்லக் கிண்டல் குறைந்தது.

"இந்த மாதிரி குண்டை நான் பார்த்ததே இல்லம்மா. கை நடுங்குது. பேசிக்கினே இருந்தாத்தான் நிக்குது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. ரெண்டு சுத்து. தண்ணி. என்கூட நெட்டப்பாக்கத்துப் பையன் ஒருத்தன் இருந்தான். நல்ல குரல். குண்டைக் கழட்டறதைக்கூட கதை சொல்ற மாதிரி சொல்லுவான். அன்னிக்கு அவன் குண்டுகிட்ட, நான் பள்ளத்துல. விடாத மழை. ரெண்டு நாளா தூக்கம் கெடையாது. அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கினே கண்ணசந்துட்டேன். சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்."

"உம்."

"ரெண்டு சுத்து. ஆபீசர் வந்து, கடைசியா இன்னா சொன்னான்னு கேட்டான். தூங்கிட்டேன்னு சொன்னா சுட்டுடுவாங்கன்னு பயம். மரையை எடப்பக்கம் திருப்பறேன்னான், அப்ப வெடிச்சுதுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அவன் எழுதிக்கினான். மறுநாள் அதே மாதிரி இன்னொரு குண்டு. இன்னொரு ஆளு. எடப்பக்கம் ஆவாதுன்னு, வலப்பக்கம் திருப்பினான். தண்ணி ஊத்தறேன்."

நான் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"அந்த ரெண்டாவது ஆள நான்தானேம்மா கொன்னேன்? நீ சொல்லு. யார்கிட்டயும் கேட்டதில்ல. நான்தானே?"

தமரூசிச் சத்தம் நின்றிருந்தது. அவர் காத்திருந்தார். உம் கொட்ட வந்தவளிடம் தீர்ப்புக் கேட்டால் என்ன சொல்வது? மூத்தாருக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? ‘இல்லை’ என்றுகூட வேண்டாம், ‘அழாதீங்க’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. உம் கூடக் கொட்டவில்லை.

ரொம்ப நேரம் கழித்துத் தமரூசி மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆனால் அவர் குரல் வரவில்லை. என்ன செய்கிறார் என்று சொல்லாமலே செய்துகொண்டிருந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பட்ட பயத்தை இரண்டு பிரசவத்திலும் நான் பட்டதில்லை.

பொழுது உச்சிக்கு வந்தபோது பள்ளத்திலிருந்து எழுந்து கையை ஆட்டினார். ஊர் ஜனம் இறங்கி வந்தது. நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டேன். உருண்டையைக் கவிழ்த்ததும் ஓட்டை வழியாகக் கறுப்புக் குழம்பு வழிந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றி நனைப்பதற்கு முன்னால் எடுத்துவைத்த ஒரு பிடி மருந்தை ஓட்டாஞ்சில்லில் வைத்து நெருப்புக் காட்டினார். ‘புஸ்’ என்று ஆளுயரத்துக்கு எரிந்தது. பொம்பளைகள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். பூசாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் அவரை வைத்து மூத்தார் ஒரு வாரத்துக்குச் சிரிக்க வைத்திருப்பார். அன்றைக்கு நான் மதகடியில் விட்டுவந்த கஞ்சிச் சொம்பை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு பேசவே இல்லை. ஆமாம், இல்லை, போதும், இவ்வளவுதான். என் குழம்பைக் குறை சொல்லவில்லை. கொடியேற்றுகிற நாளில் வில்லியனூருக்குப் போகவில்லை. வீட்டில் சோறு தின்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் தான் ஓடிவந்ததால்தான் அண்ணன் இப்படி ஆகிவிட்டார் என்று உள்ளுக்குள் உருகினார். ஊரில் வேறு கதை கட்டினார்கள். குண்டோ என்னவோ, ஒரு மாதம் கற்பூரம் காட்டினதாயிற்றே, அதன் தலையில் துளை போட்டதால் சாமி குத்தம், சொல்தாவுக்கு வாய் கட்டிப்போச்சு என்றார்கள். கட்டினது யாரென்று எனக்குத் தெரியும். தினம் மூன்று வேளை சோறு வைக்கும்போதும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். திரும்ப முழுங்கிவிடுவேன்.

இப்படியே இரண்டு வருஷம் போனது. ஐப்பசி அடைமழையில் இழுப்பு மறுபடி கண்டு படுத்துவிட்டார். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார் என்று பாகூர் வைத்தியர் சொல்லிவிட்டார். ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாருமில்லை. வெந்நீர் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு வெளியே வராமல் அவர் முகத்துக்கு நேரே நின்றேன்.

"உயிருக்குப் பயந்து சொன்னீங்க. நான் அந்தப் பள்ளத்துல இருந்திருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். நீங்க கொல்லல" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு மூச்சைக் கூட்டிக்கொண்டு, "எம்மா, இது எந்த நாட்டு குண்டு? ரெண்டு வருசம் கழிச்சி வெடிக்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்ததில் இழுப்பு வந்துவிட்டது. "பேசாதீங்க, பேசாம படுங்க" என்றேன்.

"பேசாம இருந்து பார்த்தாச்சிம்மா. அது இதைவிடக் கஷ்டம்" என்றார். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் அங்கேயே நின்றேன்.

நாலாம் நாள் போய்விட்டார். பாடை தூக்கினவர்கள் அவருடைய பழைய தமாஷ்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஏரிக்கரையில் நடந்தார்கள். நான் அழுத அழுகையைப் பார்த்து, மூத்தாரோடு ஒருநாள்கூட முகம் கொடுத்துப் பேசாதவளுக்கு இவ்வளவு துக்கமா என்று பொம்பளைகள் கேட்டார்கள். சாமி குத்தத்தில் வாய் கட்டிப்போன சொல்தா என்றுதான் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். என் பேரப்பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை. மறுத்தால், அப்புறம் எதனால் பேச்சை விட்டார் என்று கேட்பார்கள்.